எச் 544 நிரப்புகிறவர்களுக்கு, அதைக் கொண்டு வீடு தேடிப் போகிறவன் எழுதுவது

நான் வடக்கில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக (பி.எச்.ஐ.) வேலை செய்கிறேன். வார்டிலும் வெளிநோயாளர் பிரிவிலும் தனியார் கிளினிக்கிலும் நீங்கள் நிரப்பி அனுப்புகிற எச் 544, அதாவது தொற்றுநோயாளி ஒருவரைப் பற்றிச் சுகாதாரப் பணிமனைக்கு அறிவிக்கிற படிவம், கடைசியில் வந்து சேருகிற இடம் என் மோட்டார் சைக்கிள் பை. புதிதாக வேலைக்கு வரும் வைத்தியர்கள், தாதியர்கள் பலருக்கு இந்தப் படிவத்தை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. வார்டில் முதல் நாளே ஒரு கட்டுப் படிவத்தைக் கையில் தந்து "டெங்கு வந்தா இதை நிரப்புங்கோ" என்று சொல்வதோடு சரி. அதனால் வாங்கிப் படிக்கிற பக்கத்தில் இருந்து, எதை எப்படி எழுதினால் எங்களுக்கு உதவும் என்று ஒரு முறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் யார் அறிவிக்க வேண்டும் என்பது. இலங்கையில் இதற்கான சட்டம் 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். நோயாளியைப் பார்க்கிற எந்த வைத்தியருக்கும் இந்தக் கடமை உண்டு. அரச வைத்தியசாலை, தனியார் வைத்தியசாலை, வீட்டு விறாந்தையில் மாலை நேரம் மருந்து கொடுப்பவர், சித்த ஆயுர்வேத வைத்தியர் எல்லாரும் இதற்குள் வருகிறார்கள். வார்டில் பொதுவாக ஹவுஸ் ஒபீசர் நிரப்புவார், பொறுப்புத் தாதி அனுப்பி வைப்பார், ஆனால் பொறுப்பு சிகிச்சை கொடுக்கிற வைத்தியருடையதுதான். "மற்றவர் அனுப்பியிருப்பார்" என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் நினைத்ததால் எங்களுக்கு வராமலே போன படிவங்கள் நிறைய. அதற்கு ஒரே மருந்து வார்டில் இருக்கிற அறிவித்தல் பதிவேடு. படிவத்தை எழுதிய கையோடு பதிவேட்டில் பெயரையும் திகதியையும் போட்டுவிட்டால், அடுத்த ஷிப்டில் வருகிறவர் பார்த்தவுடன் தெரிந்துகொள்வார். வார்டில் நோயாளியின் விவரம் எழுதுகிற பி.எச்.ரி. அட்டையின் முன்பக்கத்திலும் "அறிவிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது, நான் இதில் மிகவும் வலியுறுத்துகிற விஷயம்: சந்தேகம் வந்தவுடன் அனுப்புங்கள். ஆய்வுகூட முடிவு வரட்டும் என்று வைத்திருக்காதீர்கள். நோயை உறுதி செய்யாமல் அறிவித்தால் தப்பாகிவிடுமோ என்ற பயம் புதிய வைத்தியர்களுக்கு இருக்கிறது. படிவத்தில் நீங்கள் எழுதுவது சந்தேகம் என்று எங்களுக்கும் தெரியும், உறுதி செய்வதற்கென்று பின்னால் வேறு படிகள் இருக்கின்றன. எலிக்காய்ச்சலை உறுதி செய்கிற மெற் (MAT) என்ற இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் வெளியே அனுப்பித்தான் செய்ய வேண்டியிருக்கும், சில வேளை இரண்டாவது இரத்த மாதிரியும் கேட்பார்கள். அதுவரை படிவம் மேசையில் கிடந்தால், அந்த நோயாளியோடு ஒரே வயலில் இறங்கியவர்களுக்கு நாங்கள் வாராந்த டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுக்கிற காலமே போய்விடும்.

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தது, அதன் பின் பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கங்களில் காய்ச்சலோடு வந்தவர்கள் சட்டென்று மோசமாகினார்கள், உயிரிழப்புகளும் ஏற்பட்டன. மர்மக் காய்ச்சல் என்று ஊர் முழுக்கக் கதை. பரிசோதனை செய்து பார்த்ததில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. அந்த மாதிரி நாட்களில் ஒரு வார்டில் இருக்கிறவருக்குத் தெரிவது தன் கட்டிலில் கிடக்கிற ஒரு நோயாளி மட்டும். பக்கத்து வைத்தியசாலையில் அதே ஊரில் இருந்து இன்னும் இரண்டு பேர் வந்திருப்பது, எல்லாப் படிவங்களும் ஒரே மேசைக்கு வந்தால்தான் தெரியும்.

எந்த நோய்களை அறிவிப்பது? பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனையில் கேளுங்கள், தருவார்கள். கொலரா, பிளேக், மஞ்சட் காய்ச்சல் மூன்றும் அ பிரிவு. ஆ பிரிவு நீளமானது: டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக் காய்ச்சல், வயிற்றுளைவு, செங்கமாரி, உணவு நஞ்சாதல், சின்னமுத்து, கூகைக்கட்டு, கொப்புளிப்பான், கக்குவான், தொண்டைக்கரப்பான், ஏற்புவலி, மூளைக்காய்ச்சல், மூளை உறை அழற்சியான மெனிஞ்ஜைற்றிஸ், தைபஸ், மலேரியா, மனிதருக்கு வரும் விசர்நாய்க்கடி நோய், 2008 முதல் லீஷ்மேனியாசிஸ் என்று போகும். இதில் நான் தனியே காட்ட விரும்புகிற ஒரு வரி உண்டு: ஏழு நாளோ அதற்கு மேலோ விடாமல் இருக்கிற சாதாரண காய்ச்சல். அதுவும் அறிவிக்க வேண்டிய நோய்தான். என்ன நோய் என்று உங்களுக்கே பிடிபடாத நோயாளிக்கும் பட்டியலில் இடம் இருக்கிறது என்பது இதன் பொருள். "டயக்னோசிஸ் இல்லை, எப்படி அறிவிப்பது?" என்று கேட்கிறவர்கள் இந்த வரியை மறந்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் நெருப்புக் காய்ச்சலும் தைபஸும் இப்போதும் இருக்கின்றன, ஏழாம் நாள் காய்ச்சல் என்று வந்த படிவங்களில் சில பின்னர் அந்த இரண்டில் ஒன்றாக முடிந்திருக்கின்றன.

சில நோய்களுக்குப் படிவம் போதாது, தொலைபேசியை எடுக்க வேண்டும். அ பிரிவில் ஒன்று என்று சந்தேகம் வந்தால் அந்த நிமிடமே எம்.ஓ.எச்.சுக்கும், பிராந்திய தொற்றுநோயியலாளருக்கும், கொழும்பில் உள்ள தொற்றுநோயியல் பிரிவுக்கும் சொல்ல வேண்டும். 15 வயதுக்குக் கீழே ஒரு பிள்ளைக்குக் கை கால் திடீரென்று தளர்ந்து போனால் அதுவும் அப்படித்தான், உங்களுக்கு அது கிலன் பரே என்ற நரம்பு நோய் என்று நூறு வீதம் தெரிந்தாலும் சரி. நம் நாட்டில் கடைசிப் போலியோ நோயாளி 1993 இல். அதற்குப் பிறகு போலியோ இல்லை என்று நாம் சொல்ல முடிவதே இப்படித் தளர்ந்த ஒவ்வொரு பிள்ளையின் மலத்தையும் பரிசோதிப்பதால்தான். தளர்ச்சி தொடங்கி 14 நாளுக்குள், குறைந்தது ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு மாதிரி எடுத்து, குளிர் குறையாமல் கொழும்பில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான எம்.ஆர்.ஐ.க்குப் போக வேண்டும். பத்தாம் நாள் எங்களுக்குச் சொன்னால் எவ்வளவு ஓட்டம் என்று யோசித்துப் பாருங்கள். மலேரியாவும் உடனே சொல்ல வேண்டியது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று சான்றளித்தது, ஆனால் வெளிநாட்டில் இருந்து வருகிறவரின் இரத்தத்தில் அது வரலாம், அதைப் பரப்புகிற நுளம்பும் இங்கே இருக்கிறது. மன்னாரில் மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற இன்னொரு நுளம்பு இனம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு இந்தப் பயம் எங்களுக்குக் கூடியிருக்கிறது. சின்னமுத்து என்று சந்தேகம் வந்தாலும் அழையுங்கள், தொடர்பில் இருந்த பிள்ளைக்கு 72 மணித்தியாலத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பிருக்கிறது.

உணவு நஞ்சாதலும் தொலைபேசி விஷயம்தான். பாடசாலையில் இருந்தோ கலியாண வீட்டில் இருந்தோ ஐந்தாறு பேர் வாந்தியோடு ஒன்றாக வந்தால், சேலைன் ஏற்றுகிற நேரத்திலேயே ஒருவர் எங்களுக்கு அழைத்துவிடுங்கள். மிச்சச் சாப்பாட்டை நாய்க்குப் போட்டு, கிடாரத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்த பிறகு நான் போனால் மாதிரி எடுக்க ஒன்றும் இருக்காது.

சரி, இனிப் படிவம்.

நோயின் பெயரை முழுதாக எழுதுங்கள். சந்தேகம் என்றால் சந்தேகம் என்று குறிப்பிடலாம். நோயாளியின் பெயர், வயது, பால் ஆகியவற்றில் சிக்கல் இல்லை, பிள்ளை என்றால் தாய் அல்லது தகப்பன் பெயரை மறக்காதீர்கள், ஏனென்றால் ஊரில் போய் இரண்டு வயதுப் பிள்ளையின் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் யாருக்கும் தெரியாது, வீட்டில் கூப்பிடுகிற பெயர் வேறாகத்தான் இருக்கும். வார்ட், பி.எச்.ரி. இலக்கம், அனுமதித்த திகதி எழுதுங்கள், நாங்கள் திரும்ப அழைத்து விவரம் கேட்கும்போது அதைச் சொன்னால்தான் உங்கள் ஆட்களாலும் தேடி எடுக்க முடியும். ஆய்வுகூட முடிவு கையில் இருந்தால் எழுதலாம், இல்லாவிட்டால் வெறுமையாக விடலாம்.

நோய் தொடங்கிய திகதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. பாதிப் படிவங்களில் அது வெறுமையாக வருகிறது, அல்லது அனுமதித்த திகதியையே அதிலும் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அந்தத் திகதி ஏன் வேண்டும் என்று டெங்குவை வைத்துச் சொல்கிறேன். காய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய ஐந்து நாளைக்கு நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் இருக்கும், அந்த நாட்களில் அவரைக் கடித்த நுளம்பு இன்னொருவருக்கு நோயைக் கொடுக்கிற நிலைக்கு வர 8 முதல் 12 நாள் எடுக்கும். காய்ச்சலின் மூன்றாம் நாள் நீங்கள் அறிவித்து, நாலாம் நாள் நான் அந்த வளவில் நின்றால், கடித்த நுளம்பு இன்னும் நோயைக் கொடுக்கத் தொடங்கவில்லை. கிணற்றடிப் பீப்பாய், பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் தண்ணீர் தேங்குகிற தட்டு, வேலியோரம் கிடக்கிற சிரட்டை, யோகட் கோப்பை எல்லாவற்றையும் பார்த்து, தேவைப்பட்டால் புகையடித்து, அந்தச் சங்கிலியை அறுக்க எனக்கு நாட்கள் கையில் இருக்கின்றன. நோயாளி வீடு போகிற அன்று படிவத்தை நிரப்பி, அது தபாலில் மூன்று நாள் எடுத்து வந்தால் நான் போய்ச் சேர்வது பன்னிரண்டாம் பதின்மூன்றாம் நாள். ஒரு முறை அப்படித்தான் ஒரு ஒழுங்கைக்குள் போனேன். படலையைத் திறந்த தாய் "நீங்கள் எந்தப் பிள்ளைக்கு வந்தனீங்கள், தம்பி?" என்று கேட்டார். படிவத்தில் இருந்த மகள் அதற்குள் சுகமாகிப் பாடசாலை போயிருந்தாள். தாய் கேட்டது முதல் நாள் இரவு காய்ச்சல் தொடங்கிய மகனைப் பற்றி. எதிர் வீட்டிலும் ஒருவர் படுத்திருந்தார்.

முகவரி. இதைப் பற்றி மட்டும் தனியாக எழுதலாம். "பிள்ளையார் கோவிலடி, வடக்கு" என்று ஒரு படிவம் எனக்கு வந்தது. என் பிரிவில் பிள்ளையார் கோவில்கள் எத்தனையோ. ஒரு காலை முழுக்க அலைந்து, கடைசியில் தபால்காரரைப் பிடித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தால், அது அந்தப் பொடியனின் தாய் தகப்பன் வீடு, அடையாள அட்டையில் உள்ள முகவரி. பொடியன் மூன்று மாதமாகத் திருநெல்வேலியில் போர்டிங்கில் இருந்து படிக்கிறான், காய்ச்சல் வந்ததும் அங்கேதான். நான் புகையடிக்க வேண்டிய வளவு வேறு ஒரு எம்.ஓ.எச். பிரிவில் இருந்தது. அதனால் நோயாளியிடம் "உங்கட அட்ரஸ் என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் மனப்பாடமாக அடையாள அட்டை முகவரியைத்தான் சொல்வார். "காய்ச்சல் வர முதல் இரண்டு கிழமை எங்க படுத்து எழும்பினீங்கள்?" என்று கேளுங்கள். அப்புறம் வீட்டு இலக்கம், ஒழுங்கையின் பெயர், கிராம சேவகர் பிரிவு, பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கடையோ வாசிகசாலையோ, இவ்வளவும் எழுத இரண்டு நிமிடம் ஆகாது. எலிக்காய்ச்சல் என்றால் வேலை செய்கிற வயல் எந்தப் பக்கம் என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள், தைபஸ் என்றால் காடு பற்றை வெட்டப் போனாரா என்று கேட்டு எழுதுங்கள். கைத்தொலைபேசி இலக்கம் கட்டாயம், நோயாளியுடையதோடு கூட இருக்கிறவருடையதும் இருந்தால் மிக நல்லது, ஏனென்றால் நோயாளியின் போன் பெரும்பாலும் சார்ஜ் இல்லாமல் கிடக்கும். கீழே உங்கள் பெயரை வாசிக்கக்கூடியபடி எழுதுங்கள். கையெழுத்து மட்டும் இருந்தால் சந்தேகம் கேட்க யாரை அழைப்பது?

நிரப்பிய படிவம் நோயாளி வாழ்கிற இடத்துக்குரிய சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போக வேண்டும். வைத்தியசாலை எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டியதில்லை. எந்தப் பிரிவு என்று தெரியாவிட்டால் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிய உத்தியோகத்தரிடம் கேளுங்கள், அவர்களிடம் பட்டியல் இருக்கும். அதுவும் முடியாவிட்டால் பக்கத்து எம்.ஓ.எச். பணிமனைக்காவது அனுப்பிவிடுங்கள், சரியான இடத்துக்கு மாற்றி அனுப்புவது எங்கள் வேலை. ஆதார வைத்தியசாலையில் இருந்து போதனா வைத்தியசாலைக்கு மாற்றுகிற நோயாளியை இரண்டு இடமும் அறிவிக்கலாம். ஒரே பெயரில் இரண்டு படிவம் வந்தால் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வது எங்களுக்குப் பெரிய வேலை இல்லை. டெங்குவுக்கு டென்சிஸ் என்ற இணைய முறை பெரிய வைத்தியசாலைகளில் இருக்கிறது, அங்கே பதிந்தால் தகவல் வேகமாக வரும், இருந்தும் முகவரியை அரைகுறையாக அடித்தால் அதுவும் அந்தக் கோவிலடிக் கதைதான்.

தனியாகக் கிளினிக் வைத்திருக்கிறவர்கள் படிவம் எங்கே வாங்குவது என்று கேட்கிறார்கள். எம்.ஓ.எச். பணிமனையில் இலவசமாகக் கிடைக்கும், உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடம் சொன்னால் அவரே கொண்டுவந்து தருவார். நோயாளிகள் முதலில் வருவது உங்களிடம்தான், காய்ச்சலின் முதல் நாள் இரண்டாம் நாள். வார்டில் இருக்கிறவரை விட உங்கள் கையில் இரண்டு மூன்று நாள் கூடுதலாக இருக்கிறது, அந்த இரண்டு மூன்று நாள் எங்களுக்கு மிகப் பெரிய விஷயம். படிவம் முடிந்துவிட்டதா, அழைத்துச் சொல்லுங்கள், விவரத்தை நானே எழுதிக்கொள்கிறேன்.

காசநோய்க்கு வழி கொஞ்சம் வேறு. அதற்கு எச் 816 ஏ என்று தனிப் படிவம், மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போகும்.

அனுப்பிய படிவத்துக்கு என்ன ஆகிறது என்று தெரியாததால்தான் பலருக்கு இது வெறும் கடதாசி வேலையாகத் தெரிகிறது. பணிமனைக்கு வந்ததும் அதைப் பதிந்து, அந்தப் பகுதிப் பி.எச்.ஐ.யிடம் தருவார்கள். நான் வீட்டுக்குப் போய் நோயாளியோடும் வீட்டாரோடும் கதைத்து, அக்கம் பக்கத்தில் வேறு காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து, செய்ய வேண்டியதைச் செய்து, எச் 411 என்ற அறிக்கையை எழுதிக் கொடுப்பேன். உங்கள் நோயறிதல் அட்டையை அப்போது கேட்டுப் பார்ப்போம், அதனால் வீடு போகிறவரின் அட்டையில் முடிவான நோயை எழுதிவிடுங்கள். உறுதியானவை தொற்றுநோய்ப் பதிவேட்டில் ஏறும். அதில் இருந்து வெள்ளிக்கிழமையோடு முடிகிற ஒவ்வொரு வாரத்துக்கும் எச் 399 என்ற அறிக்கை தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். அவர்கள் வெளியிடுகிற வாராந்த அறிக்கையில் மாவட்டவாரியாக எண்கள் வரும், இணையத்தில் யாரும் பார்க்கலாம். 2017 இல் நாடு முழுக்க 186,101 டெங்கு நோயாளிகள் என்று நாம் இன்று சொல்கிற எண்ணும் இப்படி ஒவ்வொரு வார்டில் இருந்தும் ஒருவர் எழுதி அனுப்பியதன் கூட்டல்தான்.

இன்னொரு சங்கடமான விஷயத்தையும் சொல்ல வேண்டும். சில நோயாளிகள் "டொக்டர், பி.எச்.ஐ.க்கு அறிவிக்க வேண்டாம், வந்தா வழக்குப் போடுவினம்" என்று கெஞ்சுவார்கள். நுளம்பு பெருக இடம் கொடுப்பதற்கு எதிராக 2007 இல் வந்த சட்டம் இருக்கிறது, வழக்குப் போடுவதும் உண்டு, அதனால் அவர்கள் பயம் காரணமில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். பயத்தில் பிழையான முகவரி கொடுத்தவர்களையும் கண்டிருக்கிறேன். அப்படி யாராவது கேட்டால், நோயாளியின் வீட்டுக்கு நாங்கள் போகிற முதல் காரணம் அதே வீட்டில் அடுத்தவருக்கு வராமல் பார்ப்பது என்று சொல்லிக்கொடுங்கள், கட்டிலடியில் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். எங்கள் பக்கத்திலும் நாங்கள் திருத்திக்கொள்ள வேண்டியது உண்டு. காய்ச்சல்காரப் பிள்ளை படுத்திருக்கிற வீட்டு வாசலில் நின்று நாலு பேருக்குக் கேட்கச் சத்தம் போடுகிற பி.எச்.ஐ. அந்த ஒழுங்கையில் அடுத்த நோயாளியின் முகவரியை இழந்துவிடுகிறார். நோயாளிக்கு முன்கூட்டியே "வீட்டுக்கு ஒருவர் வருவார், அவரோடு கதையுங்கோ" என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லி வைத்திருந்தால், படலை எனக்குத் தானாகத் திறக்கும்.

அறிவித்த பிறகு நோய் வேறென்று தெரிந்தால் அழைத்துச் சொல்லுங்கள், நாங்கள் திருத்திவிடுவோம். நோயாளி இறந்துபோனால் அன்றே சொல்லுங்கள், அந்த வீட்டுக்கு வேறு விதமாகப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் எழுதிய படிவத்தைத் திங்கட்கிழமைத் தபாலுக்கென்று வைக்காமல், எம்.ஓ.எச். பணிமனைக்கோ பகுதிப் பி.எச்.ஐ.க்கோ ஒரு அழைப்பு எடுங்கள். பொங்கல், வருடப்பிறப்பு விடுமுறை என்றாலும் எடுங்கள், எங்கள் இலக்கத்தைப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.